நாயோடு மலையேறலாம், கயிற்றோடு

புங்க மரங்கள் தளிர்க்கும் பங்குனியில் நண்பர்களோடு ஏலகிரி சுவாமிமலைக்கு ஏறுவது எங்கள் வழக்கம். எங்கள் நாட்டு நாய் கருப்பனும் வருவான். அவன் வந்தால் எல்லோரும் கைப்பேசியை மறந்து, அவன் மோப்பம் பிடிக்கும் புதரையும் காது நிமிர்த்தும் திசையையும் கவனிக்கிறோம். இந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனாலும் கருப்பனை நான் கயிறின்றி விடுவதில்லை; காட்டு விலங்குகளுக்கு நாயிடமிருந்து நோய் தொற்றிவிடக்கூடும்.

நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-இல் செரெங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. 2018-இல் கிர் காட்டுச் சிங்கங்களையும் அதே நோய் தாக்கியது. நம் மலைகளிலும் இந்நோய் தொற்றக்கூடிய நரியும் மரநாயும் உண்டு. ஆகவே வெறிநோய்க்கு மட்டுமல்ல, டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி போட்ட பிறகே நாயை மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சரணாலயங்களுக்குள் கொண்டுபோகவே கூடாது.

நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். விடியலிலேயே புறப்பட்டு, பாறை சுடும் முன் இறங்கிவிடுங்கள். நாய்க்கென்று தனியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காட்டையும் நாயையும் ஒருசேர நேசிப்பவர்களுக்கு இது பெரிய சிரமம் அல்ல.