பல்லும் சொல்லும்

பல் போனாற் சொல் போகும் என்பது பழமொழி. எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டனுள் பல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். பல்லும் இதழும் பொருந்த வகரம் தோன்றும் என்பதும் அவர் கண்டதே. முப்பதாண்டாக இதனை மாணவர்க்கு உரைத்துவரும் யான், இதன் பொருளை உணர்ந்தது ஹட்டன் மலையில் ஒரு லயத்து வாயிலிலே. கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டியார் ஒருவர், "வாங்கையா" என அழைக்குமுன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பல்லில்லா வாயைக் காட்ட நாணம்!

மலையகத்தார் பல் உலகறிந்தது. நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோ குழுவினர் 1970 முதல் 1985 வரை, பல் துலக்கும் வழக்கமில்லாத தேயிலைத் தொழிலாளர் 480 ஆடவரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 8 பேர்க்கு ஈறுநோய் விரைந்து முற்றியது. 81 பேர்க்கு மிதமாக வளர்ந்தது. 11 பேர்க்கே ஈற்றழற்சியளவில் நின்றது. பல்வைத்திய மாணவர் இன்றும் இவ்வெண்களைப் பயில்கின்றனர். ஆயின் மெல்ல இயலாது ஒதுக்கிய சோறும், சிரிக்க அஞ்சி மூடிய வாயும் அவ்வெண்களுள் அடங்குமோ?

துலக்காமை அவர்தம் குற்றமன்று. கற்பிப்பாரும் வைத்தியரும் மலையேறாமையே குற்றம். குளிருக்கும் களைப்புக்கும் மென்ற பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வித்தாதலையும் அவர்க்கு உரைத்தவர் எத்துணையர்?

ஆசிரியப் பெருமக்களே! தோட்டப் பாடசாலைதோறும் பற்சிகிச்சையாளர் வருகையை வற்புறுத்திக் கேட்போம். நாள்தோறும் பல் துலக்கப் பழக்குவோம். எழுத்துப் பிறக்கும் இடத்தைக் காவாது எழுத்தைக் கற்பித்து என் பயன்?