ஆளுக்கேற்ற வண்டி

எங்கள் தெருமுனையில் மாலை நேரங்களில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் பெண்மணிக்குத் தொண்டு அமைப்பு ஒன்று புது வண்டியொன்றை இலவசமாக வழங்கியது. எவர்சில்வர் தகடு போர்த்திய வண்டி, மேலே வண்ணக்கூரை, மூன்று பக்கமும் அடைப்பு. கொடுத்தவர்கள் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவ்வண்டி அவருடைய வீட்டு வாசலில் துணி உலர்த்தப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அவரோ பழையபடி நான்கு செங்கல்லின் மீது இரும்புச் சட்டியை வைத்துக் குத்துக்காலிட்டு விசிறிக்கொண்டிருந்தார். "சும்மா கொடுத்தாலும் இவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை, பாருங்கள்" என்றார் உடன் வந்த நண்பர். இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுப்பு.

ஏன் அதை விட்டுவிட்டீர்கள் என்று அவரிடமே கேட்டேன். "உசரம் ஒத்துவரல தம்பி. நெருப்பு நெஞ்சுக்கு நேரா வருது. கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போச்சு" என்றார். முழங்கைக்கு மேல் வரிவரியாய்ச் சூட்டுத் தழும்புகள். மறுநாள் அளவு நாடாவோடு போனேன். வண்டியின் மேல்தட்டு 91 செ.மீ. அதன்மேல் கரியடுப்பை வைத்தால் கம்பி வலை 106 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. நிற்கும்போது அவருடைய முழங்கையோ தரையிலிருந்து 92 செ.மீ.தான் இருக்கிறது. நின்றுகொண்டு செய்யும் இலேசான கைவேலைக்குப் பணித்தளம் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்கவேண்டும் என்பது பணிச்சூழல் இயலின் பாலபாடம். அடுப்பு இருந்ததோ அதற்கு நேர்மாறாக, முழங்கைக்கு 14 செ.மீ. மேலே. பயன்படுத்தத் தெரியாதவர் யார் என்ற கேள்விக்கு அளவு நாடாவே விடை சொல்லிவிட்டது.

பிறகு அவரும் நானும், தெரிந்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவருமாகச் சேர்ந்து குழாயில் ஒரு வண்டி செய்தோம். ஒன்றேகால் அங்குலச் சதுரக்குழாய், 16 கேஜ். இருபதடி நீளக் குழாய் ஏறக்குறைய 9 கிலோ வரும். வீட்டில் கிடந்த பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வைத்துச் செலவைக் குறைக்கலாமே என்று நான் சொன்னபோது பட்டறைக்காரர் தலையசைத்து மறுத்துவிட்டார். அதன்மேல் பூசப்பட்டிருக்கும் துத்தநாகம் 420 டிகிரிக்குச் சற்று முன்பே உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். பற்றவைக்கும் சூடு அதற்கும் மேலே. அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். "ஒருவாட்டி பட்டாச்சு சார், போதும்" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நான் கேட்கவில்லை. கரிப்பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்து முழுக்கப் பற்றவைத்தால்தான் உறுதி என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்றாம் வாரம் மூலையில் பற்று விட்டது. ஒரு மீட்டர் இரும்பு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். சூடேறும் பெட்டி நீளப் பார்க்கிறது, சூடேறாத சட்டம் விடமாட்டேன் என்கிறது. நடுவில் கிடந்து விரிசல் விடுவது பற்றுதான். இப்போது பெட்டி நான்கு காதுகளின் மேல் சும்மா அமர்ந்திருக்கிறது. விரியவும் சுருங்கவும் சுற்றிலும் இடம் உண்டு. சாம்பல் கொட்ட வேண்டுமானால் தூக்கி எடுத்துவிடலாம். குழாய் முனைகளில் நீர் புகாமல் மூடி அடித்தோம். ஆனால் அடுப்பருகே ஓடும் குழாய்களின் அடிப்பக்கத்தில் சிறு துளையும் இட்டோம். முழுக்க அடைத்த குழாய்க்குள் காற்று சூடேறினால் அழுத்தம் வெளியேற வழி வேண்டும்.

சக்கரம் இரண்டே, எதிர்ப்புறத்தில் இரண்டு கால்கள். கைப்பிடியைத் தூக்கினால் உருளும், இறக்கினால் அசையாமல் நிற்கும். தணலுக்கு நேர் கீழே அச்சு வருவதால் பாரத்தைச் சக்கரமே தாங்குகிறது. கம்பி வலை 80 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. விசிறுவது வலக்கை என்பதால் காற்றுத் துளைகள் வலப்பக்கத்தில் மட்டும். இது எனக்குத் தோன்றியதன்று, அவர் சொன்னது. மூன்று பக்க அடைப்பும் வேண்டாம் என்றார். மழைநாளில் நான்காம் பக்கத்திலும் தார்ப்பாயைத் தொங்கவிட்டு உள்ளே நின்றபோது தலை சுற்றியதாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அடைத்த இடத்தில் அது ஆளையே கொல்லும்.

இதையெல்லாம் ஓர் இலக்கியத் தளத்தில் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் இங்கே ஓயாமல் விவாதிக்கிறோம். ஒருவருடைய வேலைக்கான உருவத்தை, அவ்வேலையை ஒருநாளும் செய்யாத இன்னொருவர் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எவர்சில்வர் வண்டியைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே மாதிரி வண்டிகளுக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மொத்தமாகச் செய்தால் விலை குறையும். தூய்மையைப் பேணுவது எளிது. தெருவும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் இளநீர் வெட்டுபவருக்கும், இட்லி விற்பவருக்கும், சோளம் சுடுபவருக்கும் ஒரே வண்டி என்பது பார்ப்பவரின் வசதிக்காக ஏற்பட்ட ஒழுங்கே தவிர, நிற்பவரின் வசதிக்காக ஏற்பட்டதன்று. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அதன்முன் நிற்கப்போகும் உடம்பை அளக்காமல் செய்த வண்டி, எவ்வளவு பளபளத்தாலும் அரைகுறை வேலைதான்.

தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். எந்த இடத்தில் விற்கலாம் என்பதோடு, எதில் வைத்து விற்பது என்பதையும் அவர்கள் பேசட்டும். உதவ விரும்பும் அமைப்புகள் வண்டியாகக் கொடுப்பதைவிட, அதே பணத்தை வியாபாரியின் பெயரில் உள்ளூர்ப் பட்டறைக்குக் கொடுக்கலாம். அளவு சொல்லும் உரிமை வியாபாரியிடம் இருக்கட்டும். உதவியவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போனேன். அக்கா நின்றுகொண்டுதான் விசிறிக்கொண்டிருந்தார். தோள் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல தம்பி" என்றவர், கைப்பிடி இன்னும் இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் தேவலை என்றார். பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.