சகோதர விசாரிப்பும் நேரமின்மையும்

“நேரமில்லை” என்னுஞ் சொல் நம் கல்லூரியில் ஒலிக்காத நாளில்லை. மாணவர்க்குச் செய்முறை வகுப்பு, கட்டுரை, பருவத்தேர்வு. ஆசிரியர்க்கோ பாடம் போக முடிவில்லாப் படிவங்கள். இச்சொல் பொய்யென்று நாம் கூறவில்லை, மெய்யாகவே நேரமில்லை. ஆயினும் அம்மெய், உடன் கிறிஸ்தவன் ஒருவனைத் தனியே கிடக்கவிடுமாயின், அதனை எங்ஙனம் பொறுப்பது?

சென்ற பருவத்தில் நிகழ்ந்ததொன்றை நாணத்துடன் எழுதுகின்றோம். நம் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தைச் சேர்ந்த முதலாண்டு மாணவனொருவன் விடுதியில் நான்கு நாள் காய்ச்சலாய்க் கிடந்தான். ஞாயிறு ஆராதனையில் அவன் வழக்கமாக அமரும் இடம் வெறுமையாயிருந்தது. ஊருக்குச் சென்றிருப்பான் என்று நாமே விடை கூறிக்கொண்டோம். அன்று மாலை கூடிய நம் செயற்குழு, சகோதர அன்பைப் பற்றிய சிறப்புக் கூட்டமொன்றிற்கு நாள் குறிப்பதில் இரண்டு மணி நேரம் செலவிட்டது. அவனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தவர் அடுத்த அறையிலிருந்த இந்து மாணவர். பின்னர் தந்தையார் வந்து அவனை அழைத்துச் சென்றார். அவன் திரும்பவில்லை, மாற்றுச் சான்றிதழ் பெறவும் தந்தையாரே வந்தார்.

நம்மில் அன்பில்லை என்று சொல்லிவிடுதல் எளிது; அது முற்றிலும் சரியன்று. அவன் நோயுற்றதை அறிந்திருப்பின் பலர் ஓடியிருப்பர். அறிந்துவரவேண்டியது இன்னாருடைய கடமையென்று வகுக்கப்படாமையே குறை.

இதனை எண்ணுங்கால் இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில் 1742 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொரு செய்தி நினைவிற்கு வருகின்றது. ஜான் வெஸ்லியைச் சார்ந்தோர் அந்நகரில் எழுப்பிய கூடுகை மண்டபத்தின்மீது கடனிருந்தது. அதனைத் தீர்க்கும் வழியை ஆராயப் பெப்ருவரி 15 ஆம் நாள் கூடினர். கேப்டன் ஃபாய் என்பார், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாமென்றார். ஏழைகள் பலர்க்கு அதுவும் இயலாதே என்று ஒருவர் தடை கூறினார். அதற்கு அவர், மிக வறியோர் பதினொருவரைத் தம்மிடம் ஒப்புவிக்கும்படியும், வாரந்தோறும் தாமே சென்று அவர்களைக் காண்பதாகவும், கொடுக்க இயலாதார்க்காகத் தாமே கொடுப்பதாகவும் கூறினார். பிறரும் அவ்வண்ணமே தத்தம் அயலார் பதினொருவரை ஏற்றுக்கொண்டனர்.

காசு வாங்கச் சென்றவர்கள் மனிதரைக் கண்டனர். இன்னார் எந்நிலையில் வாழ்கின்றார் என்ற செய்தி வெஸ்லிக்கு எட்டியது. தாம் நெடுநாளாய் நாடியது இதுவே என அவர் உணர்ந்து, இவ்வேற்பாட்டைப் பிறவிடங்களிலும் நிறுவினார். இதிற் கடுமையும் இருந்தது. ஒழுக்கந் தவறித் திருந்தாதோர் விலக்கப்பட்டனர். அப்பகுதியை நாம் வேண்டவில்லை. விடுதி மாணவர்க்குக் கண்காணிப்பாளர் ஏற்கெனவே போதிய அளவு உளர்!

நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அத்தலைவர்க்கும் நேரமில்லை. வீடுவீடாகச் செல்வதற்கு அவர்கள் ஒதுக்கக்கூடிய நேரம் போதவில்லை என்றும், பிறர் இல்லங்களில் ஊழியஞ் செய்தோரைக் காண எசமானர் இடங்கொடுக்கவில்லை என்றும் வெஸ்லியே எழுதியுள்ளார். ஆனால் அதன்பொருட்டு அவர்கள் விசாரிப்பைக் கைவிட்டாரல்லர். வாரம் ஒருமுறை பன்னிருவரும் ஓரிடத்திற் கூடுவதென வழியை மாற்றிக்கொண்டனர்.

முறைவைத்துச் செய்யும் அன்பு செயற்கையன்றோ எனச் சிலர் வினவுவர். தாய் வேளையறிந்து குழந்தைக்கு உணவூட்டுவதை யாரும் செயற்கையென்று கூறுவதில்லை. காய்ச்சலாய்க் கிடப்பவனும், வந்தவன் தன் முறைக்கு வந்தானா, மனமுருகி வந்தானா என்று ஆராயப்போவதில்லை. கதவு தட்டப்பட்டதே அவனுக்குப் போதும்.

ஆதலின் நாம் கூறும் யோசனை சிறியது. ஐக்கியத்தின் ஆண்டுச் சந்தாவைப் பருவத் தொடக்கத்தில் ஒரேயடியாகக் கைபேசி வழியே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை விடுத்து, பன்னிருவர்க்கு ஒருவராக நியமித்து, வாரந்தோறும் அறைக்குச் சென்று கையில் வாங்குவோமாக. கைபேசியில் ஒரு நொடியில் முடியுமே என்பர், உண்மை. அனுப்பியவன் நடமாடுகின்றானா, படுத்திருக்கின்றானா என்பது மட்டும் அதில் தெரியாது. அடுத்த செயற்குழுவில் இதனை முன்வைக்க எண்ணியிருக்கின்றோம். மிக வறியோர் பதினொருவரை ஏற்பவர் யார் என்பதையும் அன்றே கேட்போம்.