சி மொழி படிக்க முதலில் வேண்டியது பென்சில்

பொறியியல், பி.சி.ஏ., பாலிடெக்னிக் என்று ஏதாவது ஒன்றில் முதல் வருடம் படிக்கிற பேரனோ பேத்தியோ இல்லாத வீடு இன்று நம் பக்கத்தில் குறைவு. அந்த முதல் வருடத்தில் பல பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஒரே எழுத்து: சி. இதில் அரியர் வைத்து, இரண்டாம் முறையும் போய், கடைசியில் "எனக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று படிப்பையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் கடினமானது அல்ல, தொடங்குகிற விதம்தான் சரியில்லை. முதல் ஒரு மாதம் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, தாளும் பென்சிலும் கொடுத்து, தமிழிலேயே பேசிச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

ரிட்டயர்டு கிளார்க்குக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் சம்பளப் பட்டியலும் பதிவேடும் எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, மகன் படித்துவிட்டுப் பரணில் போட்டிருந்த சி புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம்ம செக்ஷன் வேலை மாதிரியே இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஒரு தாளைப் பார், அதில் உள்ளதைச் செய், அடுத்த வரிக்குப் போ. நிபந்தனை பொருந்தினால் இந்தப் பக்கம், பொருந்தாவிட்டால் அந்தப் பக்கம். அவ்வளவுதான்.

இந்த மொழியை 1972 வாக்கில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவர் உருவாக்கினார். பின்னால் வந்த சி++, ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் எழுத்து முறையை இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டன. அதனால் சி புரிந்த பிள்ளைக்கு மற்றவை பாதி தெரிந்த மாதிரி. 1989-ல் வந்த தர விதிப்படி சி மொழிக்கே உரிய சொற்கள் மொத்தம் 32. ஆங்கிலம் தெரியாததால் சி வரவில்லை என்று சொல்பவர்கள் இந்த 32-ஐ நினைவில் வைக்க வேண்டும். 32 சொல்லைக் கற்க எந்தப் பிள்ளைக்கும் ஒரு வாரம் போதும்.

அப்படியானால் எங்கே தடுக்கிறது? எங்கள் தெருப் பெண் ஒருத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பிளஸ் டூ கணக்கில் நல்ல மதிப்பெண், சி-யில் ஃபெயில். பகா எண் கண்டுபிடிக்கும் நிரலைச் சொல் என்றேன். அரைப்புள்ளி கூட விடாமல் மனப்பாடமாக ஒப்பித்தாள். "சரிம்மா, இது மூன்றாவது சுற்று சுற்றும்போது இந்தப் பெட்டிக்குள்ளே என்ன எண் இருக்கும்?" என்று கேட்டேன். "அது சிலபஸ்ல இல்ல தாத்தா" என்றாள். சிலபஸ் முழுவதுமே அந்த ஒரு கேள்விதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தொடக்கத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் நான்கு. நான்கையும் பென்சிலால் தாண்டிவிடலாம்.

முதலாவது, சமக்குறி. 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ்காரர் இந்த இரட்டைக் கோட்டை அச்சில் கொண்டுவந்தார். கணக்கில் அதற்கு ஒரே பொருள்: இரண்டு பக்கமும் சமம். சி-யில் அது கட்டளை. "எண் = எண் + 1" என்றால் கணக்கு வாத்தியார் அடிக்க வருவார்; எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று பெரியதாக இருக்க முடியாது. சி-யில் இதற்குப் பொருள், பெட்டியில் உள்ளதை எடு, ஒன்று கூட்டு, பழையதை அழித்துவிட்டு இதை எழுது என்பது. ரொக்கப் புத்தகத்தில் இருப்பு மாறுவது போல. சமமா என்று கேட்க வேண்டுமானால் குறியை இரண்டு முறை போட வேண்டும். நிபந்தனைக்குள் ஒரே குறி போட்டாலும் சி மறுக்காது. கேட்பதற்குப் பதில் எழுதிவிட்டு, தவறான விடையோடு தன் போக்கில் போய்விடும்.

இரண்டாவது, வகுத்தல். ஒரு மாணவி 60 நாளில் 45 நாள் வந்திருக்கிறாள், வருகை சதவீதம் எவ்வளவு? "45 / 60 * 100" என்று எழுதினால் சி தருகிற விடை பூஜ்யம். பிள்ளைகள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி ஈவை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். 45-ல் 60 எத்தனை முறை போகும்? ஒரு முறையும் போகாது. ஈவு 0, மீதி 45. பூஜ்யத்தை நூறால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். "45 * 100 / 60" என்று மாற்றி எழுதினால் 75 சரியாக வரும். நாம் மூன்றாம் வகுப்பில் படித்த ஈவு, மீதி கணக்குதான் இது. சதவீதக் குறி என்று நாம் நினைக்கிற அந்தக் குறிக்கு சி-யில் பொருள், "மீதியை மட்டும் கொடு" என்பது.

மூன்றாவது, பூஜ்யத்திலிருந்து எண்ணுவது. தபாலைப் பிரித்துப் போட ஆபீசில் புறாக்கூண்டு அலமாரி இருக்குமே, அதுபோல ஒரே பெயரில் வரிசையாக உள்ள அறைகளுக்கு அணி என்று பெயர். ஐந்து அறை இருந்தால் எண்கள் 0 முதல் 4 வரை. ஏன் 1-ல் தொடங்கவில்லை? அந்த எண் அறையின் வரிசை எண் அல்ல, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் கணக்கு. முதல் அறை தள்ளியே இல்லை, அதனால் 0. நம் கட்டிடங்களிலும் தரைத்தளத்துக்கு மேலே உள்ளதைத்தானே முதல் மாடி என்கிறோம்? பிரான்சில் பல லிஃப்டுகளில் தரைத்தளத்துக்கு 0 என்றே பொத்தான் இருக்கும். ஐந்து அறை அணியில் 5-வது எண்ணுக்குப் போய் எழுதினால் சி தடுக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு வந்துவிடும்.

நான்காவது, சுழற்சி. 1 முதல் 5 வரை கூட்டச் சொல்கிறோம். அதைத் தாளில் இரண்டு பத்தி போட்டு எழுத வேண்டும். இடப் பக்கம் எண், வலப் பக்கம் கூட்டுத்தொகை:

1 – 1
2 – 3
3 – 6
4 – 10
5 – 15

இப்போது சுழற்சி நின்றுவிட்டது. எண் பெட்டியில் என்ன இருக்கிறது? பெரும்பாலான பிள்ளைகள் 5 என்பார்கள். இல்லை, 6. ஆறாகி, "ஐந்துக்கு மேல் போய்விட்டது" என்று தெரிந்த பிறகுதானே அது நின்றது? ஒரு பிள்ளை இதைத் தன் கையால் எழுதித் தானே கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு மனப்பாடம் தேவையில்லை.

இனி மொழி விஷயம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றும் பெருக்கல் வாய்ப்பாடு என் வாயில் பிரெஞ்சில்தான் வரும். ஆனால் கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று புரிந்தது, எங்கள் வாத்தியார் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்ன அன்றைக்குத்தான். புரிந்த பிறகு பிரெஞ்சில் சொல்வது சுலபமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். 1970-களில் பள்ளிகளுக்கென்று எல்.எஸ்.இ. என்ற மொழியையே பிரெஞ்சுச் சொற்களால் உருவாக்கினார்கள். இன்றைக்கும் அங்கே நிரல் எழுதக் கற்பவர்கள் முதலில் 'சி', 'அலோர்', 'சினோன்' என்று தாய்மொழியில் வழிமுறையை எழுதிப் பார்ப்பது வழக்கம். 'இப்படியானால்', 'அப்போது', 'இல்லாவிட்டால்' என்பதுதான் அவற்றின் பொருள். சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் "இந்த மதிப்பை எடுத்துக்கொள்கிறது" என்று முழுதாக எழுதுவார்கள். அங்கே முதல் தடுக்கலே கிடையாது.

நம்மிடம் சொற்கள் இல்லாமலா? தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் தமிழ் வழியிலும் வருகிறது. மாறி, மடக்கு, அணி என்று சொற்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கல்லூரி வாசலோடு அந்தத் தமிழ் நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். நிரலை ஆங்கிலச் சொற்களில் எழுதட்டும், பரீட்சையும் ஆங்கிலத்தில் நடக்கட்டும். யோசிப்பது மட்டும் தமிழில் நடக்கட்டும் என்கிறேன்.

"இனிமேல் ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதிவிடும், பிள்ளை எதற்குக் கற்க வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கால்குலேட்டர் வந்த பிறகும் பில்லில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குக் கணக்கு தெரிந்திருக்கவும் வேண்டியிருந்தது. எந்திரம் எழுதிக் கொடுத்த நிரலில் 45-ஐ 60-ஆல் வகுத்துப் பூஜ்யம் வந்தால், 75 சதவீதம் வந்த பெண்ணைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதைப் படித்துப் பார்த்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் நிரல் கற்க வேண்டியதில்லை. பேத்தியை எதிரில் உட்கார வைத்து, ஒரு தாளில் பத்தி போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்றே கேள்வி கேளுங்கள்: இப்போது பெட்டிக்குள் என்ன இருக்கிறது? அடுத்து எந்த வரி? எப்போது நிற்கும்? பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பதிவேடு பார்த்துப் பழகிய கண்ணும், மத்தியானத்தில் ஒரு மணி நேரமும் நம்மிடம் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுவது அவ்வளவுதான்.