கைதட்டல் போதும்; வழி விடுங்கள்!

அக்டோபர் 15. வெள்ளைக் கைத்தடி தினம்.

ஆண்டுதோறும் இந்த நாள் வந்துவிட்டால் சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பார்வையற்றோருக்காக விழா நடக்கிறது. ஊர்வலம் உண்டு. மேடை உண்டு. பொன்னாடை உண்டு. மடக்குத் தடியும் இனிப்புப் பொட்டலமும் கொடுத்து போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் விழா முடிந்த பிறகு?

அதே தடியோடு அதே ஆள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாக வேண்டும். நடைபாதையை மறித்து மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதைச் சுற்றிப் போனால் தோண்டிப் போட்ட பள்ளம். பள்ளத்துக்குப் பயந்து ரோட்டில் இறங்கினால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. மேடையில் கொடுத்த தடிக்குத் தெருவில் இடமில்லை!

இது என்ன நியாயம்?

தடி வந்த கதை

வெள்ளைத் தடி இரக்கம் தேடி வந்ததல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து போட்டோகிராபர் ஜேம்ஸ் பிக்ஸ் ஒரு விபத்தில் கண் பார்வையை இழந்தார். வீட்டைச் சுற்றி ஓடிய வண்டிகளால் அவருக்கு ஒரே பயம். வண்டி ஓட்டுபவர் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளையடித்தார்.

அமெரிக்காவில் பியோரியா நகரம் 1930-ல் சட்டமே போட்டது. வெள்ளைத் தடியோடு ஒருவர் சாலையைக் கடந்தால் வண்டிகள் வழி விட வேண்டும் என்பது சட்டம். 1964-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், அக்டோபர் 15-ஐ வெள்ளைத் தடி நாளாக அறிவித்தார். அதற்காக வாதாடியவர்கள் அந்த நாட்டுப் பார்வையற்றோர் சங்கத்தினர்.

ஆக, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுவதற்காக இந்த நாள் வரவில்லை. ‘வழி விடு’ என்று கேட்க வந்தது.

நெற்றியில் இடிக்கும் போர்டு

தடியை இடமும் வலமுமாகத் தட்டியபடி நடக்கிறார்கள். அடுத்த அடி விழப்போகும் இடத்தை அது முன்னாலேயே தொட்டுச் சொல்லிவிடும். படி தெரியும், கல் தெரியும், பள்ளம் தெரியும். தலை உயரத்தில் தொங்குவது மட்டும் தெரியாது. கடைக்கு வெளியே நீட்டிய தகரக் கூரை, விளம்பர போர்டு, தாழத் தொங்கும் கேபிள், லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி... தடி அடியில் புகுந்து போய்விடும். இடிபடுவது நெற்றி!

மெட்ரோ ரெயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக டைல்ஸ் பதித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது அழகுக்குப் போட்டதல்ல. ஜப்பான்காரர் செய்இச்சி மியாகே 1965-ல் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் ‘போகலாம்’. புள்ளி இருந்தால் ‘நில், கவனி’. தடிக்கும் பாதத்துக்கும் அது புரியும். அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டு செல்போன் பார்த்து நிற்கிறவருக்குத்தான் புரிவதில்லை!

கல்லாவிலும் கவுண்டரிலும்

தெருவைத் தாண்டிக் கடைக்கு வந்தால் அங்கே வேறு தொல்லை. 500 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் 5 சாய்வுக் கோடுகள் மேடாக அச்சாகியிருக்கின்றன. 100 ரூபாயில் 4 கோடுகள். விரலால் தடவிப் பார்த்து நோட்டை அறியத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பல கை மாறிக் கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்து போகிறது. அப்போது கடைக்காரரின் வாய்தான் துணை. ‘இந்தாங்க, இது நூறு, இது ஐம்பது’ என்று எண்ணிக் கொடுத்தால் கல்லாப் பெட்டிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆபீஸ் கவுண்டரில் இன்னொரு பாட்டு. ‘துணைக்கு ஆள் கூட்டிட்டு வாங்க சார்!’ படித்து, வேலை பார்த்து, சொந்தமாகச் சம்பாதிக்கிறவர் தன் பணத்தைத் தொட எதற்குத் துணை ஆள்? பார்வை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி செக் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-ம் ஆண்டிலேயே எல்லா பாங்குகளுக்கும் உத்தரவு போட்டாயிற்று. உத்தரவு பைலில் இருந்தால் போதுமா? கவுண்டரில் இருப்பவருக்கும் தெரிய வேண்டாமா?

போராடிப் பெற்றது

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் பார்வைக் குறை உள்ளவர்கள் 50 லட்சம் பேர். இவர்கள் கையை ஏந்தி நிற்கிற கூட்டமல்ல. சென்னைப் பெண் பெனோ ஜெபின், முழுவதும் பார்வை இல்லாத முதல் அதிகாரியாக 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வை இல்லை என்பதற்காக நீதிபதி வேலையை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. ரஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறை உள்ளவர், ரோடும் ரெயிலும் கட்டிடமும் தங்களுக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2017-ல் ஒரு தீர்ப்பு. 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. ‘செய்தால் நல்லது’ என்ற வழிகாட்டுதல் போதாது, ‘செய்தே தீர வேண்டும்’ என்று விதி எழுதுங்கள் என்று மத்திய அரசுக்குக் கோர்ட்டு கண்டிப்பாகச் சொன்னது. கேட்டு வாங்க 19 வருஷம்!

பொதுக் கட்டிடங்களை எல்லோரும் வந்துபோகும்படி மாற்ற, 2016-ம் ஆண்டுச் சட்டம் 5 வருஷம் தவணை கொடுத்தது. விதிகள் வந்தது 2017-ல். தவணை 2022-லேயே முடிந்து போயிற்று.

அடுத்த விழா எப்படி?

விழா நடத்துகிறவர்கள் இனி ஒன்று செய்யலாம். மேடை போடுகிற அன்றைக்கே ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்கட்டும். பார்வையற்றவர்கள் தடியோடு முன்னால் நடக்கட்டும். கவுன்சிலர், மாநகராட்சி என்ஜினீயர், போக்குவரத்து போலீஸ் அதிகாரி, வியாபாரிகள் சங்கத்தார் பின்னால் நடக்கட்டும். எங்கே தடி சிக்கியது, எங்கே தலை இடித்தது என்று ஒவ்வொன்றாக எழுதட்டும். யார் சரி செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எதிரே குறிக்கட்டும். அடுத்த ஆண்டு அக்டோபர் 15-ல் அந்தப் பட்டியலை மேடையில் உரக்கப் படிக்கட்டும். முடிந்தது எத்தனை, முடியாதது எத்தனை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பொன்னாடைச் செலவுகூட மிச்சம்!

பயணிகளுக்கும் பங்கு உண்டு. பஸ் வந்தால் நம்பரை உரக்கச் சொல்லலாம். ரோட்டைக் கடக்க உதவ நினைப்பவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்க வேண்டாம். ‘உதவட்டுமா?’ என்று முதலில் கேட்கலாம். ‘சரி’ என்றால் தன் முழங்கையைக் கொடுத்து முன்னால் நடக்கலாம். மின்சார ரெயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் கூட்டத்துக்குப் பயந்து ஏறுகிறவர்கள் அடுத்த பெட்டிக்கு நாலு எட்டு நடக்கலாம்.

இதற்கெல்லாம் பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம், மந்திரி வந்து திறந்து வைக்கவும் வேண்டாம். நடைபாதையில் நிற்கும் வண்டியை நாலடி தள்ளி நிறுத்த இன்று சாயங்காலமே முடியும். செய்வார்களா?