வைரஸைக் காட்டிக் காசு

நெடுந்தீவில் ஒரு கணினி பழுதானால் பெரும்பாலும் அது கடல் கடக்க வேண்டும். பொலித்தீன் பையில் போட்டு, மேலே ஒரு துவாயும் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் போலப் படகில் குறிகாட்டுவானுக்கு. அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். கடைக்காரர் "நாளைக்கு வந்து பாருங்கோ" என்றால் ரவுணில் தங்க ஓர் உறவு வேண்டும். சோளகம் எழும்பிவிட்டால் திரும்பி வரும் படகும் நிச்சயமில்லை.

இந்த அலைச்சலையெல்லாம் மனக்கணக்குப் போடுகிற ஒருவரின் திரையில்தான் அந்தச் சிவப்புப் பெட்டி வந்து நிற்கிறது: உங்கள் கணினியில் 13 வைரஸ்கள், உடனே நீக்க இங்கே அழுத்தவும். விலை முப்பதோ நாற்பதோ டொலர். லண்டனில் இருக்கிற மகனிடம் சொன்னால் கார்ட்டில் கட்டிவிடுவான், படகேறத் தேவையில்லை. போலி அன்ரிவைரஸுக்குக் காசு கட்டுகிறவர்களை விபரம் தெரியாதவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் போட்ட கணக்கு சரி. கணக்கில் சேர்த்த முதல் எண், அந்தப் பதின்மூன்று, அதுதான் பொய்.

ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வட்ஸ்அப்பில் அழைத்தார்.

"தம்பி, அஞ்சு நிமிசத்துக்குள்ள காசு கட்டாட்டில் படம், பைல் எல்லாம் அழிஞ்சிடுமாம். மகனைக் கேட்டுக் கட்டட்டோ?"

"ரீச்சர், ஒண்டையும் அமத்தாதேங்கோ. அந்தப் பெட்டி குரோமுக்குள்ள நிக்குதோ, வெளியில நிக்குதோ?"

"உள்ளுக்குத்தான். மேல ஏதோ வெப்சைட் பேர் கிடக்கு."

அதோடு பாதிப் பிரச்சினை முடிந்தது. இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தானாகத் திறந்து சோதிக்க முடியாது. வீதியால் போகிறவர் மதிலில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ், வீட்டு அறைக்குள் பாம்பு நிற்கிறதென்று சொன்னால் எவ்வளவு நம்பலாமோ, அவ்வளவுதான் இதையும் நம்பலாம். திரையில் ஓடும் பச்சைக் கோடு, ஒவ்வொன்றாக ஏறும் வைரஸ் எண்ணிக்கை, எல்லாம் முன்கூட்டியே வரைந்து வைத்த படம். ஒரு காலத்தில் இந்தப் பக்கங்கள் அப்பிள் மக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் விண்டோஸின் சி டிரைவைத்தான் சோதித்துக் காட்டின. மக்கில் சி டிரைவ் என்று ஒன்றே கிடையாது! பிறகு அந்தக் கூட்டமும் திருந்தி, 2011 மே மாதம் 'மக் டிஃபென்டர்' என்ற பெயரில் அப்பிள்காரருக்கென்றே ஒரு போலியைச் செய்து விட்டது.

பக்கம் முழுத்திரையையும் பிடித்துக்கொண்டு மூட விடாமல் நின்றால், எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அமத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் குரோமைத் தெரிந்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் போதும். மறுபடி குரோமைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பெருக்கல் குறியையும் நம்பக்கூடாது. அதுவும் அவர்கள் வரைந்ததுதான், அதை அமத்தினாலும் தரவிறக்கம் தொடங்கலாம்.

இதைச் செய்கிறவர்கள் ஏதோ இருட்டறையில் இருக்கும் பொடியன்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 2000களின் நடுப்பகுதியில் 'வின்ஃபிக்ஸர்', 'வின் அன்ரிவைரஸ்', 'எக்ஸ்பி அன்ரிவைரஸ்' என்று வந்தவற்றின் பின்னால் பெலீஸில் பதியப்பட்டு உக்ரைனின் கீவ் நகரில் இயங்கிய 'இனோவேட்டிவ் மார்க்கெட்டிங்' என்ற நிறுவனம் இருந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2008 டிசம்பரில் அதை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல் என்றது. நல்ல பெயருள்ள நிறுவனங்களுக்காக விளம்பரம் போடுகிறோம் என்று சொல்லி, பெரிய இணையத்தளங்களில் இடம் வாங்கி, அதற்குள்ளால் இந்தப் பெட்டியை விட்டார்கள் என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2010 மே மாதம் சிக்காகோவில் தாக்கலான குற்றப்பத்திரம் 60க்கு மேற்பட்ட நாடுகளையும் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையையும் சொல்கிறது. 2012இல் அந்த நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவருக்கு எதிராக மட்டும் 16 கோடியே 30 லட்சம் டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

எனக்கு அதைவிட வயிற்றெரிச்சலைத் தந்த கதை வேறு. 'ஒஃபிஸ் டிப்போ' என்றால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த பெயர்பெற்ற கடை. கணினியைக் கொண்டுபோனால் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்வி: கணினி மெதுவாக ஓடுகிறதா, அடிக்கடி விளம்பரம் குதிக்கிறதா என்ற மாதிரி. அவற்றில் ஒன்றுக்கு ஓம் என்று அடையாளமிட்டாலே, உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீங்கு நிரலின் அறிகுறி இருப்பதாகச் சோதனை சொல்லிவிடும். பிறகு திருத்தக் கட்டணம். மெதுவாக ஓடாத கணினி யாரிடம் இருக்கிறது? 2019 மார்ச்சில் அந்தக் கடையும் மென்பொருளைக் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2024 மார்ச்சில் சைப்பிரஸ் நாட்டிலிருந்து இயங்கிய 'ரெஸ்ரோரோ', 'றீஇமேஜ்' என்ற இரண்டும், விண்டோஸ் சொல்வதுபோலப் பெட்டி காட்டி விற்றதற்காக 2 கோடியே 60 லட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டன.

எங்கள் தீவுகளுக்கு வரும் மடிக்கணினிகள் பல, ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு பிள்ளை பாவித்துவிட்டு அனுப்பியவை. வாங்கும்போதே அதற்குள் ஒரு நிஜ அன்ரிவைரஸ், ஒரு மாதமோ மூன்று மாதமோ இலவசமாக, போட்டிருக்கும். தவணை முடிந்ததும் அதுவும் மூலையிலிருந்து குதிக்கும்: நீங்கள் பாதுகாப்பில்லை, உடனே புதுப்பியுங்கள். சிவப்பு நிறம், எச்சரிக்கை முக்கோணம், இன்றைக்கு மட்டும் பாதி விலை. நிஜக்காரர் வருடக்கணக்காக இப்படி அலறி எங்களைப் பழக்கிவிட்ட பிறகு, போலிக்காரனுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ரீச்சரின் கணினியிலும் அந்தத் தவணை முடிந்த சாமான் கிடந்தது. அதை அகற்றினோம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபென்டர் என்ற வைரஸ் பாதுகாப்பு விண்டோஸுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். ஸ்டார்ட்டில் போய் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால், உண்மையில் வைரஸ் இருக்கிறதா என்று அங்கே தெரியும். மைக்ரோசொப்டின் எச்சரிக்கைப் பெட்டியில் ரெலிபோன் நம்பர் ஒருபோதும் இருக்காது. நம்பர் கண்டால் அது போலி. அதற்கு எடுத்தால் பேசுகிறவர் அன்பாகத்தான் பேசுவார், பிறகு தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளொன்றைப் போடச் சொல்வார்.

ரீச்சருக்கு அடுத்த நாளும் மூலையில் பெட்டி குதித்தது, குரோமைத் திறக்காமலே. இது இப்போது அதிகம் நடக்கிறது. ஏதோ ஒரு படம் பார்க்கும் தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் என்பதை அமத்துங்கள்" என்று கேட்டிருக்கும். அமத்தியது அறிவித்தல் அனுப்பும் அனுமதி. குரோமின் செற்றிங்ஸில் தள அனுமதிகள் என்ற இடத்துக்குப் போய், நோட்டிஃபிகேஷன் பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் அகற்றினால் சத்தம் அடங்கிவிடும். அழிக்க வைரஸ் எதுவும் அங்கே இல்லை.

மென்பொருளாகவே உள்ளே இறங்கிவிட்டதென்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதலில் ரூட்டரை நிறுத்துங்கள். செற்றிங்ஸில் உள்ள செயலிப் பட்டியலைத் திகதிப்படி ஒழுங்குபடுத்தி, அந்தரம் தொடங்கிய நாளில் வந்தவற்றை நீக்குங்கள். நீக்க விடாவிட்டால், ஷிஃப்டைப் பிடித்தபடி றீஸ்ராட் கொடுத்து சேஃப் மோடுக்குள் போய் நீக்கலாம். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'ஒஃப்லைன் ஸ்கான்' என்றொன்று இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே அது சோதிப்பதால் போலிக்கு ஒளித்துக்கொள்ள நேரமில்லை. கால் மணித்தியாலம் போல ஆகும். மின்சாரம் நின்று நின்று வருகிற நாளில் தொடங்க வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால், நல்ல கணினி ஒன்றிலிருந்து மைக்ரோசொப்டின் 'சேஃப்ற்றி ஸ்கானரை' இறக்கி பென்ரைவில் கொண்டுவரலாம். இறக்கிப் பத்து நாளுக்குள் பாவிக்க வேண்டும், பிறகு அது காலாவதி.

பென்ரைவ் என்றதும் ஒன்று. கடைகளில் காசில்லாமல் பென்ரைவில் போட்டுத் தரும் 'கிறக்' மென்பொருள்கள், போடுவதற்கு முன் டிஃபென்டரை நிறுத்தச் சொல்லும். நிறுத்தியவர்கள் பிறகு திருப்பிப் போடுவதேயில்லை. டேற்றாவை மிச்சம் பிடிக்கவென்று அப்டேற்றை நிறுத்தி வைக்கும் பழக்கமும் தீவுப்பகுதியில் நிறைய. ஜிபி விலையைப் பார்த்தால் குறை சொல்லவும் முடியவில்லை.

காசு கட்டிவிட்டவர்கள் கணினியைத் தொடுவதற்கு முன் கார்ட் கொடுத்த வங்கிக்கு எடுக்க வேண்டும். கார்ட்டை நிறுத்தச் சொல்லி, கட்டிய தொகைக்கு ஆட்சேபம் பதியச் சொல்லுங்கள். கட்டியது லண்டன் மகனென்றால் அவருக்கு நள்ளிரவானாலும் எழுப்புங்கள். இங்கே முறையிட இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழு, அதாவது 'சேர்ட்', இருக்கிறது, இலக்கம் 101.

இனி வரப்போகும் பெட்டிகள் விண்டோஸ் 10இன் பெயரைச் சொல்லும் என்று நினைக்கிறேன். 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது, பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 11 ஏறாது. மைக்ரோசொப்டே உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு முடிந்தது என்று நிஜமாகவே அறிவித்தால், போலிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஒரு வருடப் பாதுகாப்பு அப்டேற்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதில் சேரும் வழி செற்றிங்ஸின் விண்டோஸ் அப்டேற் பகுதிக்குள்தான் இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செற்றிங்ஸை அதோடு இணைத்துக்கொண்டால் காசும் தேவையில்லை.