பொறியா, பாஷாணமா?

மார்கழி பிறந்துவிட்டால் ஏற்காட்டில் ஏரியும் தெரிவதில்லை, காடும் தெரிவதில்லை, எங்கும் மூடுபனிதான். ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில், சேர்வராயன் மலைமீது வாழும் நம் போன்றவர்களுக்கு அந்த நாட்களில் அழையாத விருந்தாளி ஒருவர் உண்டு. வெளியே குளிர், உள்ளே அடுப்பின் கதகதப்பு, அரிசி, கேழ்வரகு. எலியார் குடும்ப சகிதமாக வீட்டுக்குள் எழுந்தருளிவிடுகிறார். அவரை எவ்வாறு வழியனுப்புவது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். அற்ப விஷயம் என்று எண்ணி நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடியதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் எலித் தொல்லை பொறுக்க முடியாமற் போயிற்று. பள்ளிக்கூட வேலைக்கிடையே இதற்கெல்லாம் நேரம் ஏது என்று, கடையில் எலிப் பசை வாங்கி, தக்காளித் துண்டில் தடவி, அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம். இரவில் எலி அதைக் கூடம் வரையில் இழுத்து வந்து போட்டுவிட்டது. காலையில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, நான்கு வயதுக்காரி, அந்தத் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "மாமா, இது யாருக்கு?" என்று கேட்டாள். வாயில் வைப்பதற்கு முன் கேட்டாளே, அது நம் பூர்வ புண்ணியம். கைகளைக் கழுவி, உடனே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அத்தகைய பசைகளில் கலந்திருந்த விஷம் மஞ்சள் பாஸ்பரஸ். அதன் வஞ்சகம் சாமானியமானதன்று. உட்கொண்டவருக்கு முதலில் வாந்தி எடுக்கலாம். பிறகு ஓரிரு நாள் உடம்பு தெளிந்துவிட்டது போல் தோன்றும்; வீட்டாரும் கவலை நீங்கி இருப்பர். அதற்குப் பின்னரே கல்லீரல் பழுதடையத் தொடங்கும். இவ்விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆகையால் சந்தேகம் தோன்றிய அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தெளிந்துவிட்டதே என்று காத்திருக்கலாகாது. தமிழக அரசு இப்பசைக்குத் தடை விதித்திருக்கிறது. ஆயினும் தடைக்கு முன் வாங்கிய குழாய் ஏதேனும் பரணில் கிடக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துவிடுவது நலம்.

விஷம் வைப்பவனுக்கு எலியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே அது எலியைத்தான் கொல்லும் என்பதற்கும் உறுதியில்லை. பொறி வைப்பவனோ பிராணியின் போக்குவரவை அறிந்தே தீரவேண்டும்.

இந்தக் கலையில் பேர் போனவர்கள் கனடா தேசத்து வேடர்கள். 1670-இல் இங்கிலாந்து மன்னரின் சாஸனம் பெற்ற ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனி செழித்து வளர்ந்தது பெரும்பாலும் பீவர் என்னும் பிராணியின் ரோமத்தால்தான். பீவரும் எலியைப் போலக் கொறிக்கும் ஜாதியே. குளிர்காலத்தில் ஆறு மேலே கட்டியாக உறைந்துவிடும். பீவரின் வீட்டு வாசலோ நீருக்கடியில் இருக்கும். சேமித்து வைத்த மரக்கிளைகளைத் தின்பதற்கு அது கட்டிக்கு அடியிலேயே நீந்திப் போய் வரும். அப்போது எழும் காற்றுக் குமிழிகள் கட்டியின் அடிப்புறத்தில் உறைந்து நிற்கும். வேடன் அவற்றைக் கண்டு வழியை அறிகிறான். அங்கேதான் கட்டியைத் துளைத்துப் பொறியை இறக்குகிறான். அதற்கு முன், கட்டி நான்கு அங்குல கனமாவது இருக்கிறதா என்று சோதித்தே அடி வைக்கிறான். பிராணியின் வழியைத் தெரிந்துகொள்வது ஒன்று. தன் காலடியைக் காத்துக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டுமே அவன் வித்தை.

இதைக் கற்கக் கப்பலேற வேண்டியதில்லை. தஞ்சைத் தரணியில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டியை மாலையில் வயலில் வைத்து, விடியுமுன் எடுத்துவிடுவார்கள். எலி எந்த வரப்பின் வழியே வரும் என்பதை அவர்கள் கண்கள் அறியும். இருளர் மக்கள் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே குடியிருப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். எலி பிடித்தபின், அது வளைக்குள் பதுக்கிய நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

காப்பி விளையும் மலைகளுக்கும் இது புதிய கதையன்று. இலங்கைத் தோட்டங்களில் காப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் கடித்தெறிந்த எலிப்படையைப் பற்றி 1861-இல் வெளிவந்த நூலில் எமர்ஸன் டெனன்ட் துரை எழுதியிருக்கிறார். குறிஞ்சி இனத்துச் செடிகள் பூத்து மடிந்ததும், காட்டில் இரையற்ற எலிகள் தோட்டத்தின்மேல் பாயும் என்பது அவர் தரும் விளக்கம். பிராணி எப்போது, ஏன் வருகிறது என்று அறிந்துகொள்வதே அதை எதிர்க்கும் முதற்படி.

இனி வீட்டு விஷயம். எலி நடுக்கூடத்தில் நடமாடாது. சுவரை ஒட்டியே ஓடும். ஆகவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடுமாறு வைக்க வேண்டும். புதிய பொருளைக் கண்டால் பெரிய எலிக்குச் சந்தேகம் அதிகம். அதனால் இரண்டு மூன்று இரவு விசையை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கவேண்டும். அது அச்சம் நீங்கித் தின்னத் தொடங்கிய பின்னரே விசையை ஏற்றலாம். மசால் வடையின் கீர்த்தி பழமையானது. சுட்ட தேங்காயும் கருவாடும் அதற்குக் குறைந்தவையல்ல. ஒரு பொறி போதாது. ஐந்தாறு பொறிகளை ஒரே இரவில் வைப்பதே பலன் தரும்.

காலடியைக் காப்பதும் வேண்டுமன்றோ? குழந்தைகள் உள்ள வீட்டில் விசைப் பொறியை எலி நுழையும் அளவு துவாரமிட்ட மரப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். அவ்விடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுவது அவசியம். தோட்டத்து வளைக்குள் ஒருபோதும் கையை விடக்கூடாது. எலி இருந்த வளையில் பாம்பு குடியேறியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக வாசலை அடைக்க வேண்டும். அரை அங்குலத் துவாரம் இருந்தால் எலி புகுந்துவிடும். சுண்டெலிக்குப் பென்சில் கனம் போதும். தானிய மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் ஏற்றுங்கள். வாசலும் இரையும் இல்லாத வீட்டில் பொறிக்கு வேலையே இராது.

இவற்றுக்கெல்லாம் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் இல்லையென்றுதான் நாம் அன்று பசை வாங்கினோம். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு அந்தத் தக்காளித் துண்டு நினைவில் இல்லை. நமக்கு மறக்கவில்லை.